துணி வெளுக்க வந்த பொடி

18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் நெய்த லினன் துணி மார்ச் மாதம் கப்பலேறி ஹாலந்துக்குப் போகும். அங்கே ஹார்லம் ஊரைச் சுற்றியிருந்த புல்வெளிகளில் வெயிலும் பனியும் படக் கிடந்து, அக்டோபர் வாக்கில் வெள்ளை வெளேரென்று திரும்பி வரும். தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பாக இருக்கும். அதை வெளுத்தால்தான் விலை. சாம்பல் காரத்தில் வேக வைப்பது, புல்லில் வாரக்கணக்கில் விரித்துப் போடுவது, புளித்த மோரில் ஊறப்போடுவது, அலசிவிட்டு மறுபடியும் காரத்தில் வேக வைப்பது என்று இந்தச் சுற்று பல தடவை நடக்கும். நம்மூர் சலவைத் துறைகளில் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் காரமும் வெயிலும் சேர்ந்து செய்த இதே வேலைதான். ஆனால் நம் வெயில் அவர்களுக்கு இல்லை. ஒரு கட்டுத் துணி வெளுத்து வர ஆறு மாதம், எட்டு மாதம் ஆகிவிடும். அத்தனை நாளும் முதல் முடங்கிக் கிடக்கும், நல்ல விளைநிலம் துணி விரிக்கப் போய்விடும். வெளுக்கும் களத்திலிருந்து துணி திருடினால் தூக்குத் தண்டனை என்று பிரிட்டனில் சட்டமே இருந்தது.

1756இல் எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைக்கலாம் என்று காட்டினார். காலம் பாதியாகக் குறைந்தது. அப்போதும் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது.

மழை கொட்டினாலும் திருவிழா வந்தாலும் நாம் தெருவோரத்தில் தூவும் பிளீச்சிங் பவுடர், அந்தப் புல்வெளிக்கு மாற்றாகப் பிறந்தது. கிருமி என்ற எண்ணமே அதைச் செய்தவர்களுக்குக் கிடையாது. துணிக்காக வந்தது, பிறகு நாற்றத்துக்குப் போனது, கடைசியில்தான் தண்ணீரில் இறங்கி உயிர் காத்தது. இந்த மூன்று வேலைகளையும் நாம் இன்னும் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை. இரண்டாவது வேலையைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்துவிட்டதாக நம்புகிறோம். அதற்காகவே இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்வீடன் நாட்டில் கார்ல் வில்லெம் ஷீலே என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. 1774இல் அவர் கருப்பு மாங்கனீசுக் கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சூடாக்கியபோது பசுமஞ்சள் நிறத்தில் ஒரு வாயு எழுந்தது. மூச்சை அடைக்கும் நெடி. தான் செய்த பொருள் எதையும் முகர்ந்தும் சுவைத்தும் பார்த்துக் குறித்து வைப்பது ஷீலேயின் வழக்கம். இந்த வாயுவையும் விடவில்லை. லிட்மஸ் தாளைக் காட்டினார், வெளுத்துப் போனது. பூக்களும் பச்சை இலைகளும் நிறம் இழந்தன. அமிலம் விட்டும் காரம் விட்டும் பார்த்தார், போன நிறம் திரும்பவில்லை. அந்த ஒரு குறிப்பில்தான் நம் பொடியின் வித்து இருக்கிறது. ஷீலே 1786இல் தன் 43ஆம் வயதில் இறந்துபோனார். அந்த வாயு ஒரு தனிமம் என்று நிறுவி அதற்குக் குளோரின் என்று பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி. அது 1810இல்.

ஷீலேயின் குறிப்பைப் படித்து, இதைத் துணியில் காட்டினால் என்ன என்று யோசித்தவர் பிரான்சின் கிளாட் லூயி பெர்த்தொலே. புகழ்பெற்ற கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளராக இருந்ததால் துணியின் பாடு அவருக்குத் தெரியும். 1785இல் சோதனை தொடங்கியது. மாதக்கணக்கில் புல்லில் கிடக்க வேண்டிய துணி சில மணி நேரத்தில் வெளுத்தது. பெர்த்தொலே அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் நீராவி இயந்திரத்தின் ஜேம்ஸ் வாட். 1786-87 குளிர்காலத்தில் பாரிஸ் போயிருந்த வாட், ஊருக்குத் திரும்பியதும் கிளாஸ்கோ அருகே சலவைத் தொழில் நடத்திய தன் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னார். தொழில்நுட்பம் இப்படி ஒரு வீட்டுப் பேச்சாகத்தான் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தது.

வந்ததே தவிர, வேலை லேசில் முடியவில்லை. குளோரினைத் தண்ணீரில் கரைத்தால் அதன் நெடியில் சலவைக்காரர்கள் இருமி இருமிக் களைத்தார்கள். கரைசல் நிலைக்கவும் இல்லை, காலையில் செய்தால் மாலைக்குள் வலு இழந்தது. அளவு சற்றுக் கூடினால் துணி இற்றுப் போனது. பாரிஸின் ஓரத்தில் செய்ன் நதிக்கரையில் ஜாவெல் என்ற சிற்றூரில் இருந்த ஆலை, வாயுவைப் பொட்டாஷ் காரத்தில் பிடித்துத் திரவமாக விற்றது. ஜாவெல் நீர் என்று பிரெஞ்சு வீடுகளில் இன்றும் வழங்குவது அதுதான். நெடி அடங்கியது. ஆனால் பொட்டாஷ் விலை அதிகம், திரவத்தை ஜாடியில் அடைத்து வண்டியில் ஏற்றினால் பாதி வழியில் சத்துப் போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு நெசவாளி. சார்லஸ் டென்னன்ட், 1768இல் ஸ்காட்லாந்தின் அயர்ஷையரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்தக் குடும்பத்துக்கு நண்பர். தன் கவிதை ஒன்றில் நெசவாளிப் பையனாக டென்னன்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். கில்பார்க்கனில் கைத்தறி கற்ற டென்னன்ட், நெசவைவிட வெளுப்பதில்தான் தொழிலின் கழுத்து நெரிபடுகிறது என்று கண்டு டார்ன்லியில் சொந்தமாக வெளுப்புக் களம் வைத்தார். பொட்டாஷுக்குப் பதில் மலிவான சுண்ணாம்பைப் போட்டால் என்ன என்பது அவர் எண்ணம். சுண்ணாம்புப் பாலில் குளோரினைச் செலுத்திய திரவத்துக்கு 1798இல் காப்புரிமை பெற்றார். லங்காஷையர் சலவைத் தொழிலதிபர்கள் வழக்குப் போட்டு 1802இல் அதை உடைத்துவிட்டார்கள். அதற்குள் டென்னன்ட் அடுத்த படியைத் தாண்டியிருந்தார். 1799இலேயே, தண்ணீரே இல்லாமல், நீற்றிய உலர்ந்த சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிப் பொடியாக எடுக்கும் முறைக்கு இரண்டாவது காப்புரிமை வாங்கிவிட்டார். இதில் அவருடைய கூட்டாளி சார்லஸ் மக்கின்டாஷுக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்காலத்தில் மழைக்கோட்டால் பெயர் பெற்ற அதே மக்கின்டாஷ்தான்.

செய்முறை எளிது. மூடிய அறையின் தரையில் நீற்றுச் சுண்ணாம்பைச் சில அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே குளோரினை விட வேண்டும். சுண்ணாம்பு நாள்கணக்கில் அதைக் குடித்துக் குடித்துக் கனமாகும். நடுவில் கிளறிவிடுவார்கள். நிறைந்ததும் அள்ளிப் பீப்பாயில் அடைத்தால் கிளாஸ்கோவிலிருந்து எந்தத் துறைமுகத்துக்கும் போகும். அங்கே தண்ணீரில் கரைத்தால் மறுபடியும் குளோரின் வேலை செய்யத் தொடங்கும். மூச்சை அடைத்த ஒரு வாயுவைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போகும் சரக்காக்கியதுதான் டென்னன்டின் சாதனை. நல்ல பொடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம், வேலைக்கு உதவும் குளோரின். தொழிலில் இதைக் கிடைக்கும் குளோரின் என்பார்கள். காற்றுப் பட்டாலும் ஈரம் பட்டாலும் வெயிலில் கிடந்தாலும் இந்த எண் இறங்கிக்கொண்டே போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளாஸ்கோவில் செயின்ட் ரோலக்ஸ் என்ற இடத்தில் டென்னன்ட் நிறுவிய ஆலை, நாற்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் மிகப் பெரிய ரசாயன ஆலையாக வளர்ந்தது. 1842இல் அங்கே எழுப்பிய புகைபோக்கியின் உயரம் 435 அடி. பருத்தித் துணியின் பெருக்கத்தை எழுதுகிறவர்கள் நூற்பு இயந்திரத்தையும் நீராவியையும் சொல்வார்கள். அத்தனை துணியையும் புல்வெளியில் வெளுத்திருந்தால் லங்காஷையரில் ஆடு மேய இடம் இருந்திருக்காது. பொடி இல்லாவிட்டால் அந்தப் பெருக்கம் பாதியில் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் பொடியை அள்ளியவர்கள். இங்கிலாந்தில் விட்னஸ், செயின்ட் ஹெலன்ஸ் போன்ற ஆலை ஊர்களில் அவர்களைப் பவுடர் பேக்கர் என்பார்கள். குளோரின் அறையைத் திறந்து, உள்ளே மீந்திருக்கும் வாயு முழுவதும் அடங்குவதற்குள் இறங்கிப் பொடியைப் பீப்பாயில் தள்ள வேண்டும். ஃபிளானல் துணியைப் பல மடிப்பாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயால் இழுத்து மூக்கால் விடுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. தோலில் கொழுப்புப் பூச்சு. கால்களைச் சுற்றிக் காகிதம். அந்தக் கட்டு சற்று நழுவினால் மயங்கி விழுவார்கள், வாயுபட்டவன் என்று தூக்கி வெளியே போடுவார்கள். பத்திரிகையாளர் ராபர்ட் ஷெரார்ட் இந்த ஊர்களைப் போய்ப் பார்த்து எழுதி 1897இல் வெளியிட்ட புத்தகத்துக்கு இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள் என்றே பெயர் வைத்தார். துணி வெளுக்க வந்த பொடி முதலில் வெளுத்தது இவர்களுடைய பற்களையும் நெஞ்சையும்தான்.

இனி நாற்றத்தின் காலம். பாரிஸில் ஆட்டுக் குடல், மாட்டுக் குடலைப் பதப்படுத்தி நரம்பு செய்யும் பட்டறைகள் இருந்தன. வயலின் தந்தியும் தொத்திறைச்சியின் உறையும் அங்கிருந்து வந்தவை. குடலை அழுகவிட்டுத்தான் சதையைப் பிரிப்பார்கள். அந்தத் தெருவில் ஆள் நடக்க முடியாது. இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 1820இல் பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அறிவித்தது. பரிசை வென்றவர் அந்துவான் ஜெர்மேன் லாபராக் என்ற மருந்தாளர். ஜாவெல் நீரும் பிளீச்சிங் பவுடர் கரைசலும் குடலை அழுகவிடாமல் பிரித்தன, நாற்றமும் அடங்கியது. அதன்பின் லாபராக் போகாத இடமில்லை. பிணவறை, சிறைச்சாலை, கழிவுநீர்க் கால்வாய், மருத்துவமனை என்று எங்கும் அவர் கரைசல் போனது. 1824 செப்டம்பரில் மன்னர் பதினெட்டாம் லூயி சதையழுகல் நோயில் இறந்தபோது, உடலருகே யாரும் நிற்க முடியாமல் லாபராக்கைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த துணியால் உடலை மூடினார்.

அன்றைய மருத்துவம் நாற்றமே நோய் என்று நம்பியது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்று உடம்புக்குள் போய்க் காலராவாகவும் காய்ச்சலாகவும் மாறுகிறது என்பது கணக்கு. நாற்றத்தைக் கொன்றால் நோயைக் கொன்றதாயிற்று. எனவே 1832இல் காலரா ஐரோப்பாவைத் தாக்கியபோது தெருத் தெருவாகப் பொடி தூவினார்கள். 1854இல் லண்டன் சோஹோவில் பிராட் தெருவைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் மடிந்தபோதும் அதே கதை. தெருவெல்லாம் குளோரின் நெடி, சாக்கடையெல்லாம் வெள்ளைப் பொடி. விஷமோ தெருமுனையில் இருந்த அடிகுழாய்த் தண்ணீரில் இருந்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சாவைக் கணக்கெடுத்து, குழாயின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. கிருமியைக் கொல்லும் பொடி மண்ணில் கிடக்க, கிருமி குடத்தில் ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் காட்சியை நம் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே சொல்லித் தர வேண்டும்.

ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, தவறான காரணத்துக்காக ஒருவர் சரியான இடத்தில் பொடியைப் பயன்படுத்தியிருந்தார். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அங்கே உதவி மருத்துவராக இருந்த ஹங்கேரியர் இக்னாஸ் செம்மல்வைஸுக்கு விடை 1847 மார்ச்சில் கிடைத்தது. அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிணப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட கோளாறுகள் அந்தத் தாய்மார்களின் உடலில் கண்டவைதான். பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் சாவைச் சுமக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது.

சோப்பில் கழுவினாலும் அந்தக் கைகளில் பிணவாடை போகவில்லை. வாடையைப் போக்குவது எது? லாபராக் காட்டிய குளோரின். மே மாத நடுவில் வார்டு வாசலில் கரைசல் தொட்டி வைக்கப்பட்டது. முதலில் குளோரின் நீர், பிறகு செலவு தாங்காமல் மலிவான பிளீச்சிங் பவுடர். கை வழுவழுப்பாகி வாடை போகும்வரை தேய்த்துக் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் என்று இருந்த சாவு, ஜூனில் 2 பேர் அளவுக்கு இறங்கியது. 1848 முழுவதற்கும் கணக்கு 1.27 சதவீதம். அந்த ஆண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு தாய்கூட இறக்கவில்லை. மருத்துவ உலகம் அவரை நம்பவில்லை. தங்கள் கை அழுக்கு என்று ஒப்புக்கொள்ளப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில், 47 வயதில், செம்மல்வைஸ் இறந்தார். பிளீச்சிங் பவுடரின் வரலாற்றில் வணங்கத் தோன்றும் ஓர் ஆள் உண்டென்றால் எனக்கு அவர்தான்.

1881இல் ராபர்ட் காக் கிருமிகளைத் தனியே வளர்த்து, எந்தப் பொருள் எதைக் கொல்கிறது என்று வரிசையாகச் சோதித்து வெளியிட்ட பிறகுதான் இந்தக் கைகழுவலுக்கு அறிவியல் காரணம் கிடைத்தது. அதற்குப் பின் பொடி தண்ணீரை நோக்கித் திரும்பியது. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைபாய்டு சுமார் 1,900 பேரைப் படுக்க வைத்து 132 பேரைக் கொன்றபோது, சிம்ஸ் உட்ஹெட் என்ற மருத்துவர் நகரத்தின் குழாய்களுக்குள் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் செலுத்திக் கழுவினார். அடுத்து நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையில் டைபாய்டு மட்டும் 8,000 பேர் அளவில் பலி வாங்கியது. குண்டு பட்டு இறந்தவர்கள்கூட அத்தனை பேர் இல்லை.

நகரம் ஒன்றுக்குத் தினமும் குடிக்கத் தரும் தண்ணீரில் பெரிய அளவில் பொடியைக் கலந்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் லீல். அவருடைய தந்தையும் மருத்துவர். உள்நாட்டுப் போரில் சார்லஸ்டன் முற்றுகையின்போது கெட்ட தண்ணீரால் வயிற்றுக்கடுப்பு வந்து, ஆண்டுக்கணக்கில் அதோடு அவதிப்பட்டு இறந்தார். லீல், ஜெர்சி சிட்டிக்குத் தண்ணீர் விற்ற நிறுவனத்தின் ஆலோசகர். தண்ணீர் சுத்தமாக இல்லை என்று நகராட்சி வழக்குப் போட்டது. மேட்டிலுள்ள ஊர்களுக்கெல்லாம் கழிவுநீர்க் கால்வாய் வெட்டு, அல்லது வேறு வழி சொல் என்றது நீதிமன்றம். லீல் பொறியாளர் ஜார்ஜ் ஃபுல்லரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பூண்டன் நீர்த்தேக்கத்தில் பொடியைக் கரைத்துச் சொட்டவிடும் சாதனத்தை 99 நாளில் கட்டி, 1908 செப்டம்பர் 26 அன்று ஓடவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தினமும் 4 கோடி கேலன் தண்ணீர். குடிதண்ணீரில் விஷமா என்று ஊர் கொதித்தது. இந்தத் தண்ணீரை நீ குடிப்பாயா என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, குடிப்பேன், என் வீட்டாருக்கும் கொடுப்பேன் என்று லீல் சாட்சி சொன்னார். 1910இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அவரும் காப்புரிமை வாங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழிக்கு வந்தன, டைபாய்டு மளமளவென்று இறங்கியது.

எவ்வளவு போடுவது என்பது அடுத்த கேள்வி. கலங்கல் நீர் அதிகம் கேட்கும், தெளிந்த நீர் குறைவாகக் கேட்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹோராக்ஸ் இதற்கு ஒரு பெட்டி செய்தார். சமூக மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களுக்கு இன்றும் அது தெரியும். உள்ளே ஆறு வெள்ளைக் கோப்பைகள், ஒரு கருப்புக் கோப்பை, இரண்டு கிராம் பிடிக்கும் சிறு கரண்டிகள், கண்ணாடிக் குச்சிகள், சொட்டுக் குழாய்கள், ஸ்டார்ச் அயோடைடு மருந்து. கருப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைக் குழைத்துத் தண்ணீர் விட்டுத் தெளியவிட வேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கோப்பையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரைக்கும் விட வேண்டும். கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு மருந்து. எந்தக் கோப்பையில் முதலில் நீல நிறம் தெளிவாகத் தெரிகிறதோ அதன் எண்ணை இரண்டால் பெருக்கினால், 455 லிட்டருக்கு அத்தனை கிராம் பவுடர்.

மூன்றாவது கோப்பை நீலமாகிறது என்று வையுங்கள். 455 லிட்டருக்கு 6 கிராம். கிணறு 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் உள்ளே சுமார் 28,260 லிட்டர் இருக்கும். அதற்கு 373 கிராம் அளவு பவுடர் போதும். அதையும் அப்படியே கொட்டக் கூடாது. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் தண்ணீர்தான் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவில் செய்வது உத்தமம். ஒரு மணி கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மீதம் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மறுபடியும் போட வேண்டும்.

அதே முதல் உலகப் போரின்போது, 1915இல், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பவுடரையும் போரிக் அமிலத்தையும் சேர்த்துப் புண் கழுவும் கரைசல் செய்தார்கள். யூசால் என்று நம் ஆஸ்பத்திரிகளில் மூத்த நர்சுகள் சொல்வது அதுதான். நம் பக்கத்தில் குளோரின் தொழில் மேட்டூர் அணையோடு வந்தது. 1934இல் அணை முடிந்த பின், 1936இல் மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் சேர்ந்தே பிறக்கும். பெரிய நகரங்கள் சிலிண்டர் குளோரினுக்கு மாறிவிட்டன. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும், வீட்டுக் கிணற்றுக்கும், வெள்ளம் வடிந்த தெருவின் சம்ப்புக்கும் இன்னும் டென்னன்டின் பொடிதான்.

அந்தப் பொடியைத்தான் நாம் தெருவோரத்தில் கோடு கோடாகத் தூவுகிறோம். அமைச்சர் வருகை என்றால் தூவுகிறோம், டெங்கு என்றாலும் தூவுகிறோம். டெங்குக் கொசு முட்டையிடுவது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய நல்ல தண்ணீரில். மண்ணோடும் குப்பையோடும் கலந்த மறுகணமே குளோரின் அந்த அழுக்கோடு போராடித் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை, அழுக்கு அதை முறித்துவிடும் என்று கொரோனா பரவிய 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அதற்கு முந்தின மாதம் திருப்பூரில் காய்கறிச் சந்தை வாசலில் மனிதர்கள் மேலேயே ஹைப்போகுளோரைட் தெளிக்கும் சுரங்க வாசல் வைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. சில நாளில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையே அதை வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. பயத்தில் செய்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 1832இன் பாரிஸும் 2020இன் நாமும் ஒரே நம்பிக்கையில் நின்றோம் என்பது உண்மை.

துப்புரவைத் தொழிலாகக் கற்றவர்கள் மூன்றைத்தான் கேட்பார்கள். முதலில் அழுக்கைத் துடைத்துக் கழுவினாயா? கரைசலின் பலம் என்ன? எத்தனை நிமிடம் விட்டுவைத்தாய்? ஆஸ்பத்திரித் தரையில் ரத்தம் சிந்தினால் 1 சதவீதக் கரைசல் வேண்டும். 33 சதவீதப் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம். ஊற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகக் கரைக்க வேண்டும். திறந்த சாக்கில் மழைக்காற்று வாங்கிக் கிடந்த பவுடரில் பாதிச் சத்துக்கூட இருக்காது. அதற்கு எந்த அளவுக் கணக்கும் செல்லாது.

பொடியைத் தூவுகிறவர்களைப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள் பல ஊர்களில் இன்னும் வெறுங்கையால் தட்டிலிருந்து அள்ளி வீசுகிறார்கள், முந்தானையோ துண்டோதான் முகமூடி. விட்னஸ் தொழிலாளிக்கு ஃபிளானல் மடிப்பாவது இருந்தது. கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் கொடுக்காமல் இந்த வேலையைச் சொல்லவே கூடாது. வீட்டில் செய்கிறவர்களுக்கும் ஒன்று: பாத்ரூம் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஷீலேயின் பசுமஞ்சள் வாயு அந்தச் சின்ன அறையில் அப்படியே எழும். மூச்சுத் திணறினால் உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள்.

உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும்போது தெருவில் பவுடர் போட்டீர்களா என்று கேட்காதீர்கள். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினீர்கள், பவுடர் மூட்டையின் தேதி என்ன, கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று கேளுங்கள். குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் குழாயில் உங்கள் தெருத் தண்ணீரைப் பிடித்து, மருந்து விட்டால் மஞ்சள் ஏறுகிறதா என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள்.